மெல்லிய முடிக்கு ஒரு ஷாக்

மானிப்பாயில் நான் வேலை செய்த சலூனை இப்போது மதுரா நடத்துகிறாள். போன கிழமை தொலைபேசி எடுத்து, "அக்கா, வாற பிள்ளையள் எல்லாம் போனிலை படத்தைக் காட்டி ஷாக் வெட்டச் சொல்லுதுகள். மெல்லிய தலைமயிருக்கு நீங்கள் வெட்டுறது எப்பிடியெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றாள். சொல்லத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இதைக் காதால் கேட்டு ஞாபகம் வைக்க ஏலாது, ஆறுதலாக இருந்து எழுதித் தாருங்கள் என்று சொல்லிவிட்டாள். வலது தோள்மூட்டு இனிமேல் சீப்பைத் தூக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால்தான் நான் வேலையை விட்டேன். பேனை தூக்குவதில் அதற்கு ஆட்சேபனை இல்லை.

வெட்டை மட்டும் எழுதுவதென்றால் ஒரு பக்கம் காணும். ஆனால் அந்த வெட்டை நான் சரியாகப் புரிந்துகொண்டது குருநகர் ஸ்ரெல்லா அக்காவின் தலையில். அவரை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலைப் பற்றி மட்டும் எழுத எனக்குத் தெரியவில்லை.

நான் உடுவில்காரி. தொழில் படித்தது வெள்ளவத்தையில், ஒரு சீனப் பெண்மணியின் கடையில். முதலில் கூட்டினேன், பிறகு தலை கழுவினேன், கடைசியில்தான் கத்தரிக்கோல் கைக்கு வந்தது. அவ்வளவுதான் என் படிப்பு. ஊருக்குத் திரும்பியதும் றெஜினா அக்காவின் சலூனில் சேர்ந்தேன், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

றெஜினா அக்கா என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். ஆனால் எல்லோருக்கும் அவரைக் கண்டால் ஒரு பயம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, அதற்கு மேல் வெள்ளை ஏப்ரன், பிடரியில் இறுக்கிய கொண்டை, முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. கடைக்கு வருபவர் கேற்றைத் திறந்த உடனேயே அவர் யன்னலால் பார்க்கத் தொடங்கிவிடுவார். நடக்கும்போது முடி எந்தப் பக்கம் விழுகிறது, காற்றுக்கு எங்கே பிரிகிறது என்பதெல்லாம் கதிரையில் இருத்திய பிறகு தெரியாது என்பார். வந்தவரை நேரே தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோக விடமாட்டார். நனைந்த முடி பொய் சொல்லும். காய்ந்தபடியே அவிழ்த்துப் பார்க்க வேண்டும். பிறகு கேள்விகள் வரும். என்ன வேலை, எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறது, வீட்டில் தலை இழுத்துச் சீவிவிடுவது நீங்களா வேறு யாருமா, எண்ணெய் எப்போது வைக்கிறது. சிலருக்கு எரிச்சல் வரும். ஒரு வக்கீலம்மா, இது வழக்கா சலூனா என்று கேட்டார். "வழக்கெண்டால் அப்பீல் பண்ணலாம் அம்மா, தலையிலை வெட்டினால் ஏலாது" என்று றெஜினா அக்கா சிரிக்காமல் சொன்னார்.

அவருக்கு இன்னும் ஒரு சட்டம் இருந்தது. அழுதுகொண்டோ கோபத்தோடோ வருபவருக்கு அன்றைக்கு வெட்டு இல்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார். திரும்பி வந்தால் வெட்டுவோம், வராவிட்டால் அது வெட்ட வேண்டிய தலை இல்லை என்பது அவருடைய கணக்கு.

ஷாக் என்பது அடுக்கு வெட்டில் ஒரு வகை. உச்சியில் குட்டையாக இருக்கும், கீழே வர வர நீளும், முகத்தைச் சுற்றி இறகு மாதிரி நுனிகள் விழும். ஒரே நீளமாக இருக்கும் முடி தன் பாரத்தால் தலையோடு ஒட்டிப் படுத்துவிடும். அடுக்கி வெட்டும்போது குட்டை முடி அடியில் நின்று நீள முடியைத் தாங்குகிறது. அதனால் இருக்கிற முடியே இரண்டு மடங்காகத் தெரியும். நாங்கள் செய்வது இல்லாத முடியை உண்டாக்குவது அல்ல, படுத்துக் கிடப்பதை எழுப்பி விடுவதுதான்.

இந்த வெட்டு எல்லோருக்கும் பொருந்தாது. சுருளும் அடர்த்தியும் உள்ள தலைக்கு உச்சியைக் குட்டையாக்கினால் குடை விரித்த மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உச்சியில் கை வைக்காமல் கீழே மட்டும் அடுக்குவேன். மெல்லிய முடிக்கு வேறு கவனம். அடுக்கு கூடினால் கீழே எலிவால்தான் மிஞ்சும். அடிவரிசையை ஒரே நேராக, தடிப்பாக விட்டுவிட்டு மேலே மட்டும் இலேசாக எடுக்க வேண்டும். பிளேட் போடவே கூடாது. மெல்லிய முடியின் நுனியைப் பிளேட் கிழித்துவிடும்.

பெயரால் வந்த கரைச்சலையும் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரு தாய் தன் மகளோடு வந்தார். மகள் என்னிடம் ஷாக் வெட்டச் சொல்வதைக் கேட்டுவிட்டு எழும்பி நின்றார். "பிள்ளைக்குக் கரண்ட் பிடிக்கிறதெண்டால் நான் தேப்பனிட்டை ஒரு சொல்லுக் கேக்கோணும்" என்றார். பகிடி இல்லை, உண்மையாகவே சொன்னார். றெஜினா அக்கா போய், முடி காயவைக்கிற டிறையரின் வயரைச் சுவரிலிருந்து கழற்றி அந்தத் தாயின் கையில் கொடுத்தார். வெட்டு முடியும்வரை அந்தம்மா பிளக்கைக் கையில் பொத்திப் பிடித்தபடி இருந்தார். அதற்குப் பிறகு தாய்மாருக்கு முன்னால் நாங்கள் அதை இறகு வெட்டு என்றுதான் சொன்னோம்.

ஸ்ரெல்லா அக்கா வந்தது மின்வெட்டுக் காலத்தில். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் வரிசையில் நின்ற நாட்கள். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவர் குருநகர்ச் சந்தையில் மீன் விற்பவர். ஐம்பது வயது தாண்டிய, நல்ல உயரமான பெண். தலையைச் சுற்றித் துவாய் கட்டியிருந்தார். குருநகரிலும் பட்டினத்திலும் சலூன் இருக்க, இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "இஞ்சை என்ரை முகம் ஒருத்தருக்கும் தெரியாது பிள்ளை. அங்கையெண்டால் நான் கதிரையிலை இருக்க முன்னம் சந்தை முழுக்கக் கதை போயிடும்" என்றார்.

நெருப்புக் காய்ச்சல் வந்து எழும்பியவர். காய்ச்சல் மாறி மூன்று மாதத்தில் முடி கொட்டத் தொடங்கியிருக்கிறது. "காய்ச்சல் உயிரை விட்டிட்டுத் தலைமயிரைக் கொண்டு போயிட்டுது" என்று சொல்லிச் சிரித்தார். மற்றக் கதையையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சவுரி வைத்துக் கொண்டை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருக்கிறார். முழங்காலில் இருந்து குனிந்தபோது ஊசி பிடிக்க முடி இல்லாமல் கொண்டை கழன்று பின்வரிசை நீட்டு வாங்கிலுக்குக் கீழே உருண்டு போய்விட்டது. பின்னால் இருந்த சின்னப் பிள்ளை அணில் என்று கத்தியதாம். நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடிந்த பிறகுதான், அன்றிலிருந்து அவர் பூசைக்கும் போகவில்லை, சந்தைக்கும் போகவில்லை என்பது தெரிந்தது.

மகன் ஜூட்டுக்குக் கலியாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே பிள்ளை. தகப்பன் இல்லை. மாப்பிள்ளையைக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டியது தாய். தன் தமக்கையிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். ஜூட், அம்மா வராவிட்டால் தானும் கோயில் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

திரைக்குப் பின்னால் கொண்டுபோய்த் துவாயை அவிழ்த்தேன். இடுப்புவரை நீளம் இருந்தது, ஆனால் கைவிரல் தடிப்புக்கூட இல்லை. நெற்றியின் இரண்டு பக்கமும் தோல் தெரிந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்த உடனே அவருடைய சிரிப்பெல்லாம் போய்விட்டது. சத்தமில்லாமல் அழுதார். றெஜினா அக்கா திரையை விலக்கிப் பார்த்தார். இன்றைக்கு வெட்டேலாது என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

அந்த நேரத்தில் என் விரல்கள் அவருடைய உச்சியில் இருந்தன. ஏதோ குத்தியது. வகிடு பிரித்துப் பார்த்தேன். உச்சியிலும் நெற்றி ஓரத்திலும் விரல் நீளத்துக்குப் புதுமுடி முளைத்திருந்தது. விரலால் கோதிவிட்டதும் கறுப்பாக, முறுக்காக, நெல்நாற்று மாதிரி நிமிர்ந்து நின்றது. ஸ்ரெல்லா அக்கா அதைப் பறட்டை என்று எண்ணெய் வைத்து அழுத்தி வைத்திருந்தார். ஷாக் வெட்டில் உச்சி அடுக்கைக் குட்டையாக எடுக்கத்தான் நாங்கள் பாடுபடுகிறோம். இந்தத் தலையில் அது தானாகவே முளைத்து வந்திருந்தது. மேலே படுத்துக் கிடந்த பழைய நீளத்தை எடுத்துவிட்டால் போதும்.

பின் குசினியில் றெஜினா அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் தேயிலையை வடித்தபடி கேட்டார்.

"சறோ, அவ மீன் விக்கிறவ. கொண்டையைக் கட்டி ஊசி குத்திப்போட்டு வேலை பாக்கிறவ. நீர் வெட்டிவிட்டால் மயிர் முகத்திலை விழும். மீன் கையாலை ஒதுக்கோணும். அதை யோசிச்சனீரோ?"

நான் யோசிக்கவில்லை. கலியாண நாளை மட்டும்தான் நினைத்திருந்தேன். காதுக்குப் பின்னால் செருகினால் நிற்கிற நீளத்தில் முன்பக்கத்தை விடுகிறேன் என்று சொன்னேன். நிற்குமா என்று கேட்டார். நிற்க வைப்பேன் என்றேன். அவர் கோப்பையை எடுத்தார். தேத்தண்ணியைக் கொண்டுபோய் ஸ்ரெல்லா அக்காவிடம் கொடுத்து, நான் சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னார். நீளம் போய்விடும், இனிச் சில வருசத்துக்குக் கொண்டை இல்லை, ஆறுதலாக யோசித்து வாருங்கள் என்றார். ஸ்ரெல்லா அக்கா துவாயைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கிழமை முடிவதற்குள் வந்துவிட்டார். கதிரையில் தானாகவே ஏறி இருந்து துவாயைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அழுது முடிஞ்சுது. இனி வெட்டுங்கோ."

கரண்ட் இல்லாததால் கதிரையை யன்னலடிக்கு இழுத்தோம். முதலில் முடியைப் பிடரியில் கட்டி, கட்டுக்குக் கீழே ஒரே வெட்டு. வெட்டிய வாலை அவருடைய கையில் கொடுத்தேன். விரலால் சுற்றிப் பார்த்தார். "இவ்வளவுதானோ? இதுக்கோ நான் இவ்வளவு நாளும் அழுதனான்?" என்றார்.

அடிவரிசையைக் கழுத்தளவில் நேராக எடுத்தேன். அந்த ஒரு வரிசையில் கத்தரிக்கோலைப் படுக்கவைத்து, நுனி பிசிறாமல் வெட்டினேன். தடிப்பு அங்கேதான் தெரிய வேண்டும். பிறகு நெற்றியிலிருந்து உச்சிவரை மெல்லிய பட்டி பட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டியையும் நேர் மேலே தூக்கினேன். தூக்கும்போது புதுமுடி எங்கே நிற்கிறது என்று தெரியும். பழைய முடியை அதைவிடச் சற்று நீளமாக விட்டு, கத்தரிக்கோலை நிமிர்த்திப் பிடித்து நுனியைக் கொத்திக் கொத்தி எடுத்தேன். ஒரே கோடாக வெட்டினால் படிக்கட்டு மாதிரித் தெரியும், கொத்தினால் பழையதும் புதியதும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். இரண்டு பக்கத்து முடியையும் மூக்கடிக்கு இழுத்துச் சரிவாக வெட்டினேன். விட்டதும் அது கன்ன எலும்பிலிருந்து தாடைவரை இறங்கி, தோல் தெரிந்த நெற்றி ஓரங்களை மூடியது. கடைசியாக வகிடு. பிறந்ததிலிருந்து நடு வகிடு எடுத்தவர். அதை இடப்பக்கம் தள்ளினேன். பழகிய பக்கத்துக்கு எதிராகப் போகும் முடி கொஞ்ச நாளைக்குப் படுக்காமல் நிற்கும்.

றெஜினா அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் கிட்ட வந்து, இரண்டு பக்கத்தையும் ஸ்ரெல்லா அக்காவின் காதுக்குப் பின்னால் செருகி, மீன் வெட்டுகிற மாதிரிக் குனியுங்கள் என்றார். ஸ்ரெல்லா அக்கா வெட்டுக் கத்தியில் பாரை மீன் வைத்திருப்பதாக நினைத்துக் கையை ஆட்டி ஆட்டிக் குனிந்தார். வலப்பக்கம் நின்றது. இடப்பக்கம் வழுகிக் கண்ணில் விழுந்தது. றெஜினா அக்கா அந்தப் பக்கத்தில் விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். வெட்டினேன். திரும்பக் குனியச் சொன்னார். விழவில்லை. "காணும்" என்றார். அவருடைய வாயிலிருந்து போதும் என்று வருவது பெரிய பாராட்டு.

டிறையர் இல்லாமல் முடியை எழுப்பும் விதத்தையும் அன்றே பழக்கினேன். கழுவியதும் துவாயால் தேய்க்கக் கூடாது, பழைய பருத்திச் சட்டையால் ஒற்ற வேண்டும். தலையைக் கீழே தொங்கவிட்டு, விரலால் அடிமுடியைத் தூக்கித் தூக்கிக் காயவிட வேண்டும். அரைவாசி காய்ந்ததும் உச்சியில் இரண்டு கிளிப் குத்தி, முழுதாகக் காய்ந்த பிறகு கழற்ற வேண்டும். எண்ணெய் பற்றித்தான் பெரிய சமாதானப் பேச்சு. எண்ணெய் வைக்காத தலை தலையே இல்லை என்பது அவருடைய கட்சி. முழுகுவதற்கு முதல் இரவு வைத்து, விடியக் கழுவிவிடலாம், மற்ற நாளில் அடியில் எண்ணெய் படவே கூடாது என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

கலியாணத்தன்று விடியவே நான் சைக்கிளில் குருநகருக்குப் போனேன். வீடு முழுக்கச் சனம். ஸ்ரெல்லா அக்கா அறைக்குள் இருந்து என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. தலை முழுக்க எண்ணெய். முடி மண்டையோடு ஒட்டி, நெற்றி ஓரத்தில் தோல் பளபளத்தது. நாங்கள் எழுப்பிய அவ்வளவும் படுத்துவிட்டது. தமக்கை பக்கத்தில் எண்ணெய்ப் போத்தலோடு நின்றார். நல்ல மனுசி. "விரிஞ்சுபோய்க் கிடந்தது பிள்ளை. நல்ல நாளிலை தலைவிரி கோலமா விடலாமோ? நான்தான் வடிவாப் படிய வைச்சனான்" என்றார். தங்கை தூக்கக் கலக்கத்தில் இருந்த நேரத்தில் அன்பாகத் தேய்த்துவிட்டிருக்கிறார்.

கரண்ட் வர மத்தியானம் ஆகும். கோயிலில் முதல் மணி அடித்துவிட்டது. ஸ்ரெல்லா அக்கா, "விடு பிள்ளை, தலைக்கு நெற்றைப் போட்டு மூடிக்கொண்டு போறன்" என்றார். சொன்னது வாய்தான். கை கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. நெற்றை, அந்த வலை முக்காட்டை, போட்டால் அவர் கோயிலுக்குள் குனிந்த தலையோடுதான் நடப்பார் என்று எனக்குத் தெரிந்தது.

கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நனைக்காமல் ஷாம்பூவை நேரே எண்ணெயில் தேய்த்து, பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். தண்ணீரை முதலில் ஊற்றினால் எண்ணெய் விடாது. திரும்ப ஒருமுறை தேய்த்துக் கழுவினேன். விரலுக்கிடையில் முடி கீச்சென்றது. இனிக் காய வேண்டும். வெயில் ஏறவில்லை, அறைக்குள் காற்று இல்லை. நல்லவேளை, சோழகக் காற்றுக் காலம். கடற்கரை றோட்டுக்கு வந்தால் நின்றவர்களின் சேலையெல்லாம் கொடி மாதிரிப் பறந்தது.

அவசரமாக உடுத்திவிட்ட பட்டுச் சேலைக்கு மேல் கட்டிலில் கிடந்த பெற்சீற்றைப் போர்த்தி, ஸ்ரெல்லா அக்காவைக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, தலையைக் கீழே தொங்கப் போடச் சொன்னேன். காற்று பிடரியால் புகுந்து அடிமுடிக்குள் போனது. டிறையர்கூட அப்படிச் சீராக ஊதாது. நான் பக்கத்தில் குந்தியிருந்து விரலால் தூக்கித் தூக்கி விட்டேன். வள்ளத்தில் இருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். பாண்ட் வாத்தியக்காரர் வந்து, நடப்பது என்னவென்று தெரியாமல் ஒரு பாட்டு அடித்தார்கள். தமக்கை ஒரு பக்கத்தில் பெற்சீற்றைப் பறக்காமல் பிடித்தபடி, தான் செய்த வேலைக்கு மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாதிரியாருக்காகக் கோயிலடியில் காத்திருந்த ஜூட் கோட்டும் சூட்டுமாக ஓடிவந்தான். "அம்மா, சுவாமி வந்திட்டார்" என்றான்.

தலைகீழாக நின்றபடியே ஸ்ரெல்லா அக்கா சொன்னார்: "சுவாமியைக் கொஞ்சம் இருக்கச் சொல்லு. எனக்கு இன்னும் காத்துக் காணாது."

சந்தையில் ஏலம் கேட்கிற குரல். மாதக்கணக்காக அந்தக் குரலைக் கேட்காத மகன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு சுவாமியிடம் போனான்.

நிமிர்ந்தபோது முடி முகத்தைச் சுற்றிக் குடை பிடித்தது. உச்சியில் கிளிப் குத்தி, கோயில் வாசலில் கழற்றினேன். வகிட்டை இடப்பக்கம் தள்ளி, நுனிகளை விரலால் முறுக்கிவிட்டேன். நெற்று தமக்கையின் கையில் இருந்தது. ஸ்ரெல்லா அக்கா அதை வாங்கவில்லை. மகனின் கையைப் பிடித்து நடுவழியால் நடந்தார். வாங்கில்களில் இருந்த சந்தைப் பெண்கள் முதலில் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு தாயைப் பார்த்தார்கள், பிறகு மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை. நான் கடைசி வரிசையில் நின்று, இடப்பக்கத்து முடி கண்ணில் விழுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை.

அடுத்த கிழமை அவர் விளைமீன் கொண்டு சலூனுக்கு வந்தார். சந்தைக்குத் திரும்பிவிட்டேன், காதுக்குப் பின்னால் செருகினால் சந்தை முடியும்வரை நிற்கிறது என்றார். அவரோடு இன்னும் நாலைந்து பெண்கள், எல்லோருக்கும் அதே வெட்டு வேண்டுமாம். அதில் இரண்டு பேருக்கு அடர்ந்த சுருள்முடி. அவர்களுக்கு உச்சியில் வெட்டமாட்டேன் என்று விளங்கப்படுத்த எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

றெஜினா அக்கா ஸ்ரெல்லா அக்காவை யன்னலடியில் இருத்தி, முடிக்குள் விரலை விட்டுப் பல தரம் கோதிப் பார்த்தார். அன்று பின்னேரம் எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, என் கதிரையில் இருந்தார். பின்னால் கையை விட்டு ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசியில் கொண்டை முழுதாகக் கழன்று கையோடு வந்தது, அவ்வளவும் சவுரி. அதைக் கண்ணாடி மேசையில் வைத்தார். அத்தனை வருசம் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. மற்றவர்களின் தலையை வாசலில் வரும்போதே படிக்கிறவரின் தலையை நாங்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நான் கொண்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "என்ன சறோ, கேள்வி ஒண்டும் கேக்க மாட்டீரோ?"

கேட்டேன். எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறது, எண்ணெய் எப்போது வைக்கிறது, தலை இழுப்பது யார். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னார். அழுகை இல்லை. வெட்டினேன்.

அடுத்த நாள் காலையில் முதலாவதாக வந்தவர், வருசக்கணக்காக எங்களிடம் வருகிற ஒரு ரீச்சர். உள்ளே வந்து கதிரையில் இருந்தார். ஏப்ரன் கட்டி, சீப்போடு பக்கத்தில் நின்றவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, றெஜினா அக்கா இன்றைக்கு வரவில்லையா என்று கேட்டார்.

றெஜினா அக்கா அவருடைய கழுத்தில் துணியைச் சுற்றி ஊசி குத்தினார். பிறகு சொன்னார்:

"அவ இனி வரமாட்டா ரீச்சர். இனி நான்தான். சொல்லுங்கோ, எப்பிடி வெட்டுவம்?"